உப்பு அள்ளிய பிறகு என்ன ஆனது? மக்கள் போராட்டமும் இந்திய தேசியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியதால் இந்திய தேசியத்துக்கு என்ன ஆனது என்று மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நடுவில் வைத்துக்கொண்டது 1930 உப்புச் சத்தியாக்கிரகம்: உப்பு வரியை எதிர்த்துக் குஜராத் கடற்கரையில் தண்டியிலும் நம் வேதாரண்யத்திலும் சட்டத்தை மீறி உப்பெடுத்த போராட்டம். எல்லா விடையும் ஒரே நீளத்தில் இருக்காது. வேதாரண்யம் வந்தால் கை கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய உணர்வு இருந்ததால் போராடினார்களா, போராடியதால் தேசிய உணர்வு வந்ததா?

பாடப்புத்தகம் முதலாவதைச் சொல்லும். நான் இரண்டாவதன் பக்கம்.

1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடிக் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சுதேசமித்திரன் பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆண்டுக்கொரு முறை கூடுவார்கள், ஆங்கிலத்தில் பேசுவார்கள், தீர்மானம் போட்டுவிட்டு அடுத்த டிசம்பர் வரை கலைந்துவிடுவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவரையும் லாகூரில் கடை வைத்திருந்தவரையும் சேர்த்து ‘நாம்’ என்று சொல்ல அது போதவில்லை. ஒரே நாளில் கடை அடைத்தார்கள், ஒரே மாதிரித் துணியைத் தீயில் போட்டார்கள், ஒரே சட்டத்தின் கீழ் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சொல் அப்படித்தான் பிறந்தது.

தண்டிக்கு முன்னால் மக்கள் போராட்டமே இல்லையா?

நிறைய இருந்தது. 1905 அக்டோபர் 16 அன்று வைஸ்ராய் கர்சன் வங்காளத்தைப் பிரித்தார். அன்று வங்காளிகள் ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டிக்கொண்டார்கள், சீமைத் துணியைப் புறக்கணித்தார்கள். 1911-இல் பிரிவினையை அரசாங்கமே ரத்து செய்தது. அரசாங்கம் போட்ட கோட்டை அழிக்க வைக்கலாம் என்று ஊருக்குத் தெரிந்துபோனது.

அந்த அலை தூத்துக்குடிக்கும் வந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. சுதேசிக்கு எதிராக நின்ற உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கு நாவிதரும் சலவைத் தொழிலாளியும் வேலை செய்ய மறுத்தார்கள். கப்பல் என்பது பங்குதாரர்களின் தேசியம். சவரக்கத்தியை மடக்கி வைத்தவருடையது வேறு வகை. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு மொத்தம் 40 ஆண்டு தீட்டினார், அப்பீலில் அது குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் திலகருக்கு 6 ஆண்டுத் தண்டனை கிடைத்தபோது பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் என்று கணக்குப்போட்டு 6 நாள் வேலைக்குப் போகவில்லை.

அப்புறம் 1919. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை, சென்னையில் தங்கியிருந்தபோது ஒரு விடியற்காலையில் காந்திக்குத் தோன்றியது. கனவில் வந்ததுபோல் வந்தது என்று ராஜாஜியிடம் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் 6 அன்று கடைகள் அடைத்தன. ஏழே நாளில் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் துப்பாக்கிச் சூடு. அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள்.

போராட்டம் காங்கிரஸ் கட்சியையே மாற்றியதா?

ஆமாம், தலைகீழாக. 1920 டிசம்பர் நாகபுரி மாநாட்டில் நாலணா கொடுத்தால் யாரும் உறுப்பினர் ஆகலாம் என்றார்கள். கிராமம் வரைக்கும் கமிட்டி வந்தது. ஆங்கிலேயர் வகுத்த மாகாண எல்லையை விட்டுவிட்டு மொழிவாரியாகக் கட்சியைப் பிரித்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். மாநிலத்துக்கு அதே பெயரை அதிகாரப்பூர்வமாகச் சூட்ட 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. ‘இந்தியன்’ என்ற உணர்வைப் பரப்பப் போனவர்கள் முதலில் தமிழிலும் தெலுங்கிலும் குஜராத்தியிலும் பேசியாக வேண்டியிருந்தது. இந்திய தேசியம் மொழிகளை ஒதுக்கிவிட்டு வளரவில்லை, அவற்றின் தோளில் ஏறித்தான் வளர்ந்தது. இதை இன்றைக்கும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் உப்பு? பெரிய பெரிய பிரச்சினைகள் இருந்தனவே?

அன்றைக்கும் இதே கேள்விதான். நேருவுக்கே முதலில் பிடிபடவில்லை. வைஸ்ராய் இர்வின், உப்புப் போராட்டத்தை நினைத்துத் தன் தூக்கம் ஒன்றும் கெடவில்லை என்ற பாவனையில் இருந்தார்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். உப்பு தயாரிப்பதும் விற்பதும் அரசின் கையில். ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ உப்புக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. வைஸ்ராயும் கூலிக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புதான் தின்கிறார்கள், ஆகையால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வரி. 1930 மார்ச்சில் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி இன்னொரு கணக்கையும் வைத்தார்: உங்கள் சம்பளம் ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல், இந்தியரின் சராசரி வருமானம் நாளைக்கு 2 அணாவுக்கும் குறைவு.

ஜனவரி கடைசியில் அவர் வெளியிட்ட 11 கோரிக்கைகளையும் படித்துப் பாருங்கள். நிலவரியைப் பாதியாக்கு என்பது விவசாயிக்கு. ரூபாயின் மாற்று விகிதத்தைக் குறை என்பதும் சீமைத் துணிக்கு வரி போடு என்பதும் வியாபாரிக்கும் மில் முதலாளிக்கும். மதுவிலக்கு வீட்டுப் பெண்களுக்கு. கரையோரக் கப்பல் போக்குவரத்தை இந்தியருக்கே ஒதுக்கு என்று ஒன்றும் இருக்கிறது. தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-இல் தொடங்கி நொறுங்கிப்போன கப்பல் கனவு 24 ஆண்டு கழித்து அகில இந்தியப் பட்டியலில் ஏறியிருக்கிறது. இத்தனை பேரையும் ஒரே இடத்தில் நிறுத்த ஒரு பொருள் தேவைப்பட்டது. உப்பைவிடப் பொதுவானது எது?

வேதாரண்யத்தில் உண்மையில் என்ன நடந்தது?

மார்ச் 12 அன்று காந்தி 78 பேருடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, சுமார் 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி தலைமையில் சுமார் 100 பேர் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். சித்திரைப் பிறப்பு, ஜாலியன்வாலா பாக் நினைவு நாளும்கூட. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல். இந்த நடைக்காக நாமக்கல் கவிஞர் எழுதிக்கொடுத்த பாட்டு வழிநெடுக ஒலித்தது.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை அடித்தால் அனுதாபம் பெருகும் என்று தெரிந்தவர். அதனால் சோற்றில் கை வைத்தார். தொண்டர்களுக்கு இடமோ சாப்பாடோ கொடுப்பவர்களுக்கு ஜெயிலும் அபராதமும் என்று தண்டோரா போடவைத்தார், நோட்டீஸ் அடித்து ஒட்டினார். காவிரிப் படுகையில் வந்தவனுக்குச் சோறு போடாதே என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊர்க்காரர்கள் சட்டத்தை மீறவும் இல்லை, கேட்கவும் இல்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் தங்கினால் மணலில் எங்கே புதைத்து வைத்திருக்கிறது என்று காதோடு காதாகச் சேதி வந்துவிடும். மரத்தில் தொங்கும் சோற்றுக்கு யாரைக் கைது செய்வது? காவலுக்கு வந்த போலீஸ்காரருக்குத்தான் பல இடங்களில் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளூரில் எல்லா ஏற்பாட்டையும் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார், 6 மாதச் சிறை. அவரை அடைத்த பிறகும் உப்பு அள்ளுவது நிற்கவில்லை.

அந்த நாட்களில் நடந்த ஒன்று. வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில் தெரிந்தது, உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று. கத்தியை வைத்துவிட்டார். மீதி முகத்துக்கு மாட்டேன் என்றார். கோர்ட்டிலும் அதையே சொன்னார், தண்டனையை ஏற்று உள்ளே போனார். வேதாரண்யத்தில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. முழு விடுதலையே இலக்கு என்ற காங்கிரஸின் பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை அவர் படித்திருப்பாரா என்று தெரியாது. படித்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. தன் தொழிலில் தனக்கு இருந்த ஒரே அதிகாரத்தை, மறுக்கும் அதிகாரத்தை, அவர் நாட்டுக்காகப் பயன்படுத்தினார்.

கலெக்டர் தார்னும் தன் அறிக்கையில் உள்ளதை மறைக்கவில்லை. அரசாங்கத்தின் மீது பக்தி என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்று எழுதினார்.

ஆனால் உப்பு வரி போகவில்லையே, அப்படியானால் தோல்விதானே?

வரியைப் பொறுத்தவரை அப்போதைக்குத் தோல்விதான். 1931 மார்ச் 5 காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் கடற்கரை ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை மட்டும் கிடைத்தது. வரி முழுசாக ஒழிந்தது 1947-க்கு முன் அமைந்த இடைக்கால அரசு வந்த பிறகுதான். 60,000-க்கும் மேற்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனதற்கு இது சின்னக் கூலி. ஆனால் ஒரு வைஸ்ராய் காந்தியைச் சமமாக உட்காரவைத்துப் பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். லண்டனில் சர்ச்சில் கொதித்துப்போனதற்குக் காரணம் உப்பு இல்லை, அந்தக் காட்சிதான்.

பெண்கள் எப்போது வந்தார்கள்?

தண்டிக்கு நடந்த 78 பேரில் ஒரு பெண்ணும் கிடையாது. கமலாதேவி சட்டோபாத்யாய போன்றவர்கள் வாதாடித்தான் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இடம் பெற்றார்கள். பிறகு அவர் பம்பாயில் கள்ள உப்பைப் பொட்டலம் கட்டி விற்றார். மே 21 அன்று தராசனா உப்பளத்தில் தொண்டர்கள் வரிசை வரிசையாகத் தடியடி வாங்கியபோது தலைமை சரோஜினி நாயுடு. வேதாரண்யத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதாகி ஓராண்டு சிறை சென்றார். கள்ளுக்கடை, துணிக்கடை மறியல்களில் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். அடுத்த ஆண்டு காங்கிரஸின் கராச்சித் தீர்மானத்தில் ஆண் பெண் வேறுபாடில்லாத வாக்குரிமை வந்தது. ஆனால் ஜெயிலுக்குப் போன அளவுக்குக் கட்சிப் பதவிகளில் பெண்கள் உட்காரவைக்கப்படவில்லை. அந்தக் கணக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

‘சுயராஜ்யம்’ என்றால் எல்லோரும் ஒன்றையே நினைத்தார்களா?

இல்லை. இதுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

1921-இல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகவே கூடாது என்ற சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். காந்தி ராஜ்யம் வருகிறது, அவரவர் ஊரில் நிலம் கிடைக்கும் என்று அவர்களாக நம்பினார்கள். ரயில், ஸ்டீமர் வேலைநிறுத்தத்தில் நடுவழியில் சிக்கி அடிபட்டார்கள். காங்கிரஸ் அப்படி எந்த வாக்குறுதியும் கொடுத்திருக்கவில்லை. ஆந்திரத்தின் கூடெம் மலையில் அல்லூரி சீதாராம ராஜு ஆதிவாசிகளைத் திரட்டினார். கதர் கட்டுங்கள், குடியை விடுங்கள் என்றார். கூடவே ஆயுதமும் எடுத்தார். காந்தியின் பெயரும் துப்பாக்கியும் ஒரே மலையில்.

1930-இலும் அதே கதைதான். குஜராத்தின் வசதியான பட்டிதார் விவசாயிகளுக்குச் சுயராஜ்யம் என்றால் நிலவரிக் குறைப்பு. 1931-இல் வரி குறையாமலே போராட்டம் நின்றதும் கசந்துபோனார்கள், 1932-இல் மறுபடி கூப்பிட்டபோது பலர் வரவில்லை. சோலாப்பூரில் காந்தி கைதான செய்தி கேட்டு மில் தொழிலாளர்கள் ஊரையே சில நாள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இராணுவச் சட்டம் வந்தது, 4 பேர் தூக்கில் தொங்கினார்கள். மில் முதலாளிகள் விரும்பிய சுயராஜ்யம் நிச்சயமாக அது இல்லை.

ஆகவே தேசியம் என்பது மேலிருந்து வந்த கருத்து கீழே அப்படியே இறங்கியது அல்ல. கீழே இருந்தவர்கள் அந்தச் சொல்லை வாங்கித் தங்கள் குறையை அதில் நிரப்பினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அது பலமாகவும் இருந்தது, தலைவலியாகவும் இருந்தது.

தாழ்த்தப்பட்டவர்களும் முஸ்லிம்களும் இதில் எங்கே?

ஒரு தேதியை நினைவில் வையுங்கள்: 1930 மார்ச் 2. தண்டி யாத்திரைக்கு 10 நாள் முன்பு நாசிக்கில் காலாராம் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக அம்பேத்கர் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதுவும் சத்தியாக்கிரகம்தான். அடைத்த கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் மட்டும் ஆங்கிலேயர் இல்லை. போராட்டத்தால் உரிமை பெறலாம் என்று காங்கிரஸ் கற்றுக்கொடுத்த பாடத்தைக் காங்கிரஸையே நோக்கித் திருப்ப முடியும் என்று அது காட்டியது. பெரியார் 1925-இலேயே காங்கிரஸை விட்டு வெளியேறியிருந்தார். வைக்கத்தில் சிறை சென்றவர், கதர் மூட்டை சுமந்து விற்றவர். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதைக் கண்டு கொதித்தவர்.

முஸ்லிம்கள் விஷயம் வேறு. துருக்கி கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் இயக்கம் சேர்ந்திருந்த 1920-22-இல் திரளாக வந்தார்கள். 1930-இல் பல இடங்களில் ஒதுங்கி நின்றார்கள். கூட்டம் சேர்க்க உதவிய ‘ராம ராஜ்யம்’ போன்ற சொற்கள் அவர்களை ஒதுக்கவும் செய்தன என்பது என் எண்ணம். பெரிய விதிவிலக்கு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் வடமேற்கு எல்லைப்புற மாகாணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக நடத்திய குற்றப் பரம்பரைச் சட்டப்படி ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜாலியன்வாலா பாக் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அது இந்தியாவின் துக்கமானது, இது அந்த வட்டாரத்தின் துக்கமாகவே தங்கிவிட்டது. எந்த ரத்தம் தேசியக் கணக்கில் ஏறியது, எது ஏறவில்லை என்று பார்த்தால் தேசியத்தைப் பற்றி நிறையத் தெரியும்.

எல்லைப்புற மாகாணத்தில் அப்படி என்ன நடந்தது?

1930 ஏப்ரல் 23, பெஷாவர், கிஸ்ஸா குவானி கடைத்தெரு. கான் அப்துல் கஃபார் கானைக் கைது செய்ததை எதிர்த்துப் பட்டாணியர் கூட்டம் நிற்கிறது. கார்வால் படைப்பிரிவுச் சிப்பாய்களுக்குச் சுட உத்தரவு. சந்திர சிங் கார்வாலியும் அவரது தோழர்களும் சுட மறுத்துவிட்டார்கள். இந்துச் சிப்பாய்கள், எதிரே நிராயுதபாணி முஸ்லிம்கள். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை.

காந்தி இதைக் கொண்டாடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உத்தரவை ஏற்பதாகச் சத்தியம் செய்த சிப்பாய் அதை மீறுவது தவறு என்றார். நாளைக்கு ஆளப்போகிறவரின் கவலை அதில் தெரிகிறது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் தொடங்கிய கப்பற்படைக் கிளர்ச்சியிலும் அப்படித்தான். மாலுமிகள் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளைச் சேர்த்தே ஏற்றினார்கள். பட்டேல் அவர்களைச் சரணடையச் சொன்னார்.

போராடியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் என்ன ஆனது?

1931 மார்ச்சில் கராச்சியில் காங்கிரஸ் முதல்முறையாகச் சுயராஜ்யத்தில் என்னென்ன இருக்கும் என்று எழுதிவைத்தது: எல்லோருக்கும் ஓட்டு, இலவசத் தொடக்கக் கல்வி, வாழப் போதுமான கூலி, மத விஷயத்தில் அரசின் நடுநிலை. உள்நாட்டு உப்புக்கு வரி இல்லை என்பதும் உண்டு. சோலாப்பூர்களும் வேதாரண்யங்களும் நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் பட்டியல் வந்திருக்காது.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்தது. ஜெயிலுக்குப் போனதுதான் வேட்பாளரின் தகுதிச் சான்று. ராஜாஜி மாகாணப் பிரதமரானார், இன்றைய முதலமைச்சர் போல. அடுத்த ஆண்டே கட்டாய இந்திக்கு எதிராக மறியல் செய்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டார். காங்கிரஸ்காரர்களை ஒடுக்க ஆங்கிலேயர் வைத்திருந்த அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தைத்தான் எடுத்தார். சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் இறந்தார்கள். ராஜாஜிக்கு எதிராக நின்றவர்களும் ஊர் ஊராக நடந்தார்கள், கைதாகி ஜெயிலுக்குப் போனார்கள். 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நடைபயணமும் போனது. யாரிடம் கற்றார்கள் என்று கேட்கவா வேண்டும்?

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் இதிலிருந்து எப்படி வேறுபட்டது?

ஆகஸ்ட் 9 விடிவதற்குள் தலைவர்கள் எல்லோரும் உள்ளே. ஆகையால் நடத்தியது மாணவர்களும் விவசாயிகளும் தலைமறைவுக்காரர்களும். தண்டவாளம் பெயர்ந்தது, தபால் நிலையம் எரிந்தது. சதாராவிலும் தாம்லுக்கிலும் மாற்று அரசாங்கமே நடந்தது. 1857-க்குப் பின் இதுதான் மிகக் கடுமையான கலகம் என்று வைஸ்ராய் லின்லித்கோ சர்ச்சிலுக்குத் தந்தி அடித்தார். அடக்கிவிட்டார்கள், ஆனால் எப்போதும் படையை வைத்தே ஆள வேண்டிய நாடு இது என்பது லண்டனுக்குப் புரிந்துபோனது.

வேதாரண்யத்தில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

அகஸ்தியம்பள்ளியில், உப்பெடுத்த இடத்தில், நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளும் நிகழ்ச்சி நடக்கும். ஊருக்குள் வைரப்பன் தூணையும் விசாரித்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. சுற்றிலும் உப்பளங்கள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. பாத்தியில் வாருபலகை போட்டு இழுப்பவர்களைப் பார்க்கலாம்.